எஞ்சின் நிற்கும் நேரம்: பாய்மரச் சுற்றுலாக் கப்பலில் ஒரு வாரம்

பாய்மரச் சுற்றுலாக் கப்பலைச் சின்ன அளவிலான சொகுசுக் கப்பல் என்று நினைத்து ஏறுகிறவர்கள் இரண்டாம் நாளே முகம் வாடிப்போகிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் லிப்ட் கிடையாது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கமோ, ஏழெட்டு உணவகங்களோ இல்லை. அறை சின்னது, குளியலறை அதைவிடச் சின்னது. ஆனால் துறைமுகத்தைத் தாண்டியதும் பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்து, காற்று பிடித்து, கப்பல் மெல்லச் சாய்ந்து, கப்பலை இயக்கும் இடமான பிரிட்ஜில் யாரோ எஞ்சினை நிறுத்துகிற ஒரு கணம் வரும். காலடியில் இருந்த அதிர்வு நின்றுவிடும். தண்ணீர் உரசும் ஓசையும் கயிறுகளின் முனகலும் மட்டும் கேட்கும். காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். அதனால் எந்தக் கப்பல், எந்த மாதம், எந்த அறை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதனால் எஞ்சின் நிற்கும் மணிநேரங்கள் கூடுமா, அந்த நேரத்தில் நான் தளத்தில் இருப்பேனா?

கப்பல்

பாய் இருப்பதாலேயே எல்லாம் பாய்மரக் கப்பல் ஆகிவிடாது. 1990-இல் வந்த விண்ட் சர்ஃப் கப்பலுக்கு 5 பாய்மரங்கள், 7 பாய்கள். எல்லாம் கணினி வழி விரிபவை. 340-க்கும் மேற்பட்ட பயணிகள் போகலாம். வசதியான கப்பல்தான். ஆனால் பாய் அங்கே எஞ்சினுக்குத் துணை. கயிறு இழுக்கும் மாலுமிகளைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு பக்கம் பாருங்கள்.

ஸ்டார் கிளிப்பர்ஸ் நிறுவனத்தின் மூன்று கப்பல்கள் முதல்முறை போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமானவை. ஸ்டார் ஃப்ளையர் (1991), ஸ்டார் கிளிப்பர் (1992) இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: 4 பாய்மரங்கள், 16 பாய்கள், சுமார் 170 பயணிகள். ராயல் கிளிப்பர் 2000-இல் கடலுக்கு வந்தது. 134 மீட்டர் நீளம், 5 பாய்மரங்கள், 42 பாய்கள், 227 பயணிகள். ஐந்து மரங்களிலும் குறுக்குப் பாய் (கப்பலுக்குக் குறுக்காகத் தொங்கும் நாற்கோணப் பாய்) கட்டிய ஜெர்மானியச் சரக்குக் கப்பல் ப்ரொய்சென் 1902-இல் கட்டப்பட்டு 1910-இல் டோவர் அருகே மோதலுக்குப் பின் அழிந்தது. அதை மனத்தில் வைத்து வடிவமைத்த கப்பல் இது. ஒரு பெரிய வேறுபாடு: அன்று பாயைச் சுருட்ட ஆட்கள் மரத்தின் மேல் ஏறிப் பருமல் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. (பாய் தொங்கும் குறுக்கு மரத்துக்கு நம் கடலோடிகள் சொல்லும் பெயர் பருமல்.) ராயல் கிளிப்பரில் குறுக்குப் பாய்கள் பருமலுக்குள்ளேயே மோட்டாரால் சுருண்டுகொள்ளும். மற்ற பாய்களுக்குக் கயிறும், அதைச் சுற்றி இழுக்கும் வின்ச் உருளையும், ஆட்களும்தான்.

பாய் முழுவதும் கையால் ஏற்றப்படுவதைப் பார்க்க ஆசை என்றால் ஸீ க்ளவுட். 1931-இல் கீல் நகரில் ஒரு பணக்காரத் தம்பதிக்குச் சொந்தப் படகாகக் கட்டப்பட்டது. இப்போது 64 பயணிகளை ஏற்றுகிறது. மாலுமிகள் மரமேறிப் பாய் அவிழ்ப்பதை அங்கே தினமும் பார்க்கலாம். கட்டணம் கூடுதல். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால், கப்பலின் மேல் கை வைத்துப் பழக விரும்புகிறவர்கள் ஸ்டார் கிளிப்பர்ஸுக்கும், பார்த்து ரசிக்க விரும்புகிறவர்கள் ஸீ க்ளவுடுக்கும் போவது நல்லது.

முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவுக்கு முன்னாலேயே படிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம், அங்கிருந்து மேல்தளம் என்று நாளொன்றுக்கு 20, 30 முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலிக்கு இந்தக் கப்பல்கள் ஒத்துவராது.

காற்றைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

முன்பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் துறைமுகப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பாதைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பது. குறுக்குப் பாய்க் கப்பல் காற்று வரும் திசையை நோக்கிப் போக முடியாது. ஏறக்குறைய 60 பாகை (டிகிரி) விலகினால்தான் பாய் வேலை செய்யும். அதற்குள் நெருங்க வேண்டும் என்றால் எஞ்சின்தான். நேர் பின்னாலிருந்து வரும் காற்றிலும் கப்பல் ஓடும், ஆனால் தொட்டில் மாதிரி ஆடும். பக்கவாட்டுக் காற்றே அரசன். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிலைத்து நிற்கும், வேகமும் கிடைக்கும்.

பக்கவாட்டுக் காற்று வேண்டுமென்றே வரைந்த மாதிரி ஓர் இடம் உண்டு: கரீபியனின் கிழக்குத் தீவு வரிசை. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்ட்டினிக், டொமினிக்கா என்று தெற்கு வடக்காக நிற்கின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வணிகக் காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ விடாமல் வீசும், பெரும்பாலும் 15 முதல் 20 நாட் (மணிக்கு சுமார் 28 முதல் 37 கி.மீ.). வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும் காற்று விலாவில்தான். ராயல் கிளிப்பர் குளிர்காலத்தில் பார்படாஸிலிருந்து கிளம்பி இந்தப் பாதைகளில்தான் ஓடுகிறது. கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் காற்று இன்னும் வலுவாக இருக்கும். கடல் பழக்கமே இல்லாதவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது.

அந்தப் பாதையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டொமினிக்காவின் உயர்ந்த சிகரம் 1,447 மீட்டர். இப்படிப்பட்ட தீவின் மேற்குப் பக்கமாகக் கப்பல் போகும்போது மலை காற்றை மறைத்துவிடும். பாய் தொய்ந்து படபடக்கும், எஞ்சினைப் போடுவார்கள். தீவு முடிந்து அடுத்த தீவுக்கு இடைப்பட்ட கால்வாய் தொடங்கியதும் அட்லாண்டிக்கின் காற்றும் அலையும் ஒன்றாக வந்து மோதும். இந்த மாற்றம் சில நிமிடங்களில் நடந்துவிடும். வரைபடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: குளியல், துணி மாற்றுதல், எழுத்து வேலை எல்லாம் மலை மறைவில், கால்வாய் நேரத்தில் தளத்தில். பிரிட்ஜில் இருக்கும் அதிகாரியிடம் "கால்வாய்க்குள் எத்தனை மணிக்குப் போவோம்?" என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்.

மத்தியதரைக் கடல் கோடையில் வேறு கணக்கு. இத்தாலியின் மேற்குக் கடலில் ஜூலை, ஆகஸ்டில் பல நாட்கள் காற்றே இருக்காது. ஊர்கள் அழகு, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே போவதானால் லிப்பாரித் தீவுகள் இருக்கும் பாதையை எடுங்கள். அவற்றில் ஒன்றான ஸ்ட்ரோம்போலியின் எரிமலை சராசரியாகப் பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நெருப்பைக் கக்கும். தீவின் வடமேற்குச் சரிவுப் பக்கமாகக் கப்பல் இரவில் போனால் காற்றில்லாத குறை மறந்துவிடும். கிரேக்கத் தீவுகளில் நேர்மாறு: ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வானம் தெளிவாக இருக்கும்போதே நாட்கணக்கில் அடிக்கும். பாய்க்கு விருந்து. ஆனால் நங்கூரமிட முடியாமல் ஒரு தீவை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவது சாதாரணம். குறிப்பிட்ட ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

காற்றே குறி என்றால், அக்டோபர் கடைசி, நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்கு மாறும் அட்லாண்டிக் பயணம்தான் உச்சம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். கேனரித் தீவுகளுக்குத் தெற்கே வணிகக் காற்றைப் பிடித்துவிட்டால் இரவும் பகலும் பாயில் ஓடும் நாட்கள் கிடைக்கும். நாளொன்றுக்கான கட்டணமும் மற்றப் பயணங்களைவிடக் குறைவாகவே இருக்கும். மேற்கே போவதால் சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னால் போகும், தூக்கத்துக்கு 25 மணிநேர நாள் கிடைக்கும். ஏப்ரலில் திரும்பி வரும் பயணத்தை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். அது குளிர், எஞ்சினும் அதிகம்.

அறை

கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள அறை எடுங்கள். ஊஞ்சலின் அச்சு மாதிரி அங்கேதான் ஆட்டம் குறைவு. அதுவே பெரும்பாலும் விலையும் குறைவு. நல்லது மலிவாகக் கிடைக்கும் அபூர்வமான இடம் இது. அணியத்தில், அதாவது முன்பகுதியில் உள்ள அறைகளில் காலை 6 மணிக்கு நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் படுக்கையைத் தூக்கிப்போடும். பின்பகுதியில் எஞ்சின் சத்தம். மேல்தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியலில் நாற்காலி இழுபடும் சத்தமும் தளம் கழுவும் சத்தமும் வரும்.

கட்டில் கப்பலின் நீளவாக்கில் இருக்கிறதா, குறுக்குவாக்கில் இருக்கிறதா என்று அறை வரைபடத்தில் பாருங்கள். குறுக்கே இருந்தால் சாய்வின்போது தலை கீழே போய்விடும். தலையணையை மேடான பக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் சரியாகும். நீளவாக்கில் இருந்தால் உருண்டு விழாமல் இருக்க, சாயும் பக்கத்து மெத்தை ஓரத்துக்கு அடியில் உயிர்காப்பு அங்கியைச் செருகி விளிம்பை உயர்த்துங்கள். வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்குக் காற்று வலப்பக்கம் படும், கப்பல் இடப்பக்கம் சாயும். அப்போது இடப்பக்க அறைகளின் வட்டச் சன்னலில் கடல்நீர் பச்சையாகச் சுழன்று ஓடுவதைப் படுத்தபடி பார்க்கலாம்.

விசாவும் பையும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதிகம் தடுக்கி விழுவது விசாவில். மார்ட்டினிக்கும் குவாடலூப்பும் பிரான்சின் பகுதிகள்தான், ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வராதவை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது, அந்தப் பகுதிகளுக்கு என்று குறித்து வாங்க வேண்டும். மத்தியதரைக் கடலில் கப்பல் மாண்டிநீக்ரோவின் கோட்டோருக்கோ துருக்கிக்கோ போய்த் திரும்பினால் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசா இல்லையென்றால் ஏற விடமாட்டார்கள். கரை இறங்காமல் கப்பலிலேயே இருக்கிறேன் என்ற வாதம் எடுபடாது. அறை முன்பதிவு செய்யும் அன்றே ஊர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பாருங்கள்.

பெட்டி வேண்டாம். மடங்கும் துணிப்பை, கட்டிலுக்கு அடியில் போகிற மாதிரி. முன்னும் பின்னும் மூடிய, வெள்ளை ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி ஒன்று அவசியம். கறுப்பு ரப்பர் தேக்குத் தளத்தில் கோடு போடும். தாடையில் கட்டும் கயிறுள்ள தொப்பி, காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, நீந்தும்போது முதுகைக் காக்கும் முழுக்கைச் சட்டை, தண்ணீர் புகாத சின்னப் பை, பத்துத் துணிக் கிளிப், சிவப்பு வெளிச்சம் தரும் கைவிளக்கு, 7x50 தொலைநோக்கி. கோட்டும் டையும் தேவையில்லை. இரவு உணவுக்குக் காலர் வைத்த சட்டையும் முழுக் கால்சட்டையும் போதும். பருத்திப் புடவை உடுத்துவதானால் ஊக்கு போட்டு இறுக்குங்கள், படியேறும்போது காற்று முந்தானையைப் பிடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள வெயில் களிம்பைத் தளத்தில் நின்று பூசாதீர்கள். தேக்கில் படிந்த கறை போவது கடினம், அடுத்து வருகிறவரும் வழுக்கி விழுவார். மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி எடுத்துப்போனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலில் தீதான் பெரிய பயம். கப்பலுக்குக் கப்பல் மின்னழுத்தம் 110, 220 என்று மாறும். கேட்டுக்கொண்டு அடாப்டர் எடுங்கள்.

சைவம் என்றால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் மீன் வரலாம். மீன், முட்டை, இறைச்சிச் சாறு எது கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஏறிய அன்று மாலையே உணவுக்கூட மேலாளரைப் பார்த்து நினைவுபடுத்துங்கள். நடுக்கடலில் கடை கிடையாது. பொட்டலம் பிரிக்காத பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் வேகவைத்த காய்களோடு ஒரு வாரம் சுகமாகப் போகும்.

முதல் மாலை

பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஏழு குறு ஊதலும் ஒரு நெடு ஊதலும் கேட்டால் உயிர்காப்பு அங்கியோடு உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்திலிருந்து அறைக்குத் திரும்பும்போது வழியை ஒருமுறை கண்ணை மூடிக் கைப்பிடியைத் தொட்டபடி நினைத்துப் பாருங்கள். இருட்டில் உதவுவது அதுதான்.

பிறகு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாவது பாய் ஏறுவதைப் பாருங்கள். நிற்கும் இடம் முக்கியம். தரையில் வளையமாகக் கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்கவே கூடாது. இழுபட ஆரம்பித்தால் கணுக்காலோடு போய்விடும். இறுகி நிற்கும் கயிற்றின் நேர்க்கோட்டிலும், வின்சுக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். காற்று வரும் பக்கத்துக் கைப்பிடி ஓரம் பாதுகாப்பு, பார்வையும் நன்றாக இருக்கும். மாலுமிகள் கூப்பிட்டால் கயிறு இழுக்கப் போங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு கை மாற்றி ஒரு கையாக, உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். நிறுத்து என்றால் பிடித்தபடி நில்லுங்கள். விடு என்றால் இரண்டு கையையும் சட்டென்று எடுத்துவிடுங்கள். வழுக்கி ஓடும் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

சாய்வில் குடித்தனம்

சாய்வு சில பாகைதான். ஆனாலும் முதல் நாள் உடம்புக்குப் புரியாது. முழங்காலைத் தளர்த்தி, கால்களை அகட்டி நடங்கள்; ஒரு கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும், கைப்பிடிக்காக. கப்பலில் நடக்கும் காயங்களில் அதிகம் இரண்டு. ஒன்று, கதவுகளுக்கு அடியில் ஒரு சாணுக்குமேல் உயர்ந்து நிற்கும் இரும்பு விளிம்பில் இடறுவது. இன்னொன்று, கதவுச் சட்டத்தில் விரலை வைத்திருக்கும்போது கப்பல் அசைந்து கதவு அறைந்துகொள்வது. பிடிக்க வேண்டியது கதவின் கைப்பிடியைத்தான். திறந்த கதவைக் கொக்கியில் மாட்டாமல் விடாதீர்கள்.

குளியலறையில் வடிகால் ஒரு மூலையில்தான் இருக்கும். கப்பல் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுக்கு அடியில் புகுந்து கம்பளத்தை நனைக்கும். துண்டைச் சுருட்டி வாசலில் போட்டுவிட்டுக் குளியுங்கள், அல்லது நங்கூரமிட்ட பிறகு குளியுங்கள். மேசையில் வழுக்கும் தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நிற்கும். காபி அரைக் கோப்பை. வட்டச் சன்னலைத் திறக்க முயலாதீர்கள். பலத்த அலையில் பணியாளர் வந்து உள்பக்க இரும்பு மூடியைப் போடுவார், அது வழக்கம்தான்.

கடல்மயக்கம் பற்றி: பாய் காற்றைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது கப்பல் பக்கவாட்டில் அதிகம் உருளாது, எஞ்சினில் மட்டும் ஓடும் அதே அளவுக் கப்பலைவிட நிதானமாகவே போகும். முன்பின் ஆட்டம் மட்டும் இருக்கும். மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு, வயிற்றில் தங்காது. கிளம்புவதற்கு ஒரு மணிநேரம் முன்பாவது போட வேண்டும். மெக்லிசின் 25 மில்லிகிராம் பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் தூக்கம் வரும். கண்ணழுத்த நோய், ப்ரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது. வெறும் வயிறு நிலைமையை மோசமாக்கும். உலர்ந்த ரொட்டி, இஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அறைக்குள் உட்கார்ந்து கைபேசி பார்ப்பதுதான் பெரும்பாலும் கவிழ்த்துவிடும். நடுத்தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பாருங்கள். அதுவும் முடியவில்லையென்றால் கண்ணை மூடி மல்லாந்து படுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும்.

வலை, மரம், சுக்கான்

அணியத்துக்கு முன்னால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கு அடியில் ஒரு வலை கட்டியிருக்கும். பாயை மடக்கப் போகும் மாலுமி விழாமல் இருக்கப் போட்டது அது. அமைதியான பகலில் பயணிகள் அதில் படுக்க விடுவார்கள். கப்பலிலேயே சிறந்த இடம் அதுதான். பத்து மீட்டருக்குக் கீழே அணியம் கடலைப் பிளப்பதும், பின்னால் திரும்பினால் பாய்கள் அடுக்கடுக்காக உங்களை நோக்கி வருவதும் தெரியும். முதலில் அனுமதி கேளுங்கள். பையில் உள்ளதை எல்லாம் எடுத்துவிடுங்கள், வலைக்கண் வழியே விழுந்தால் கடலுக்குத்தான். கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். கப்பலைப் பார்த்தபடி, பின்புறமாக, கையை விடாமல் இறங்குங்கள். முழங்கால் மூடிய உடை போடுங்கள். உப்பேறிய கயிறு தோலைத் தேய்க்கும். குப்புறப் படுத்தால் நீர், மல்லாந்தால் பாய். காலை 9 மணிக்கு முன் போனால் வெயிலும் கூட்டமும் இருக்காது. ஓங்கில்கள் (டால்பின்கள்) அணியத்தின் முன்னால் சவாரி செய்ய வந்தால் நேர் கீழே ஓடும், அவை மூச்சுவிடும் சத்தம் கேட்கும். இரவில் வலைக்குப் போகவே கூடாது.

மரமேறும் வாய்ப்பு வாரத்தில் ஒருமுறையோ இருமுறையோ வரும். அறிவிப்பு வந்த உடனே பெயர் கொடுங்கள், காற்று கூடினால் ரத்தாகிவிடும். இடுப்பிலும் தொடையிலும் பாதுகாப்புப் பட்டை கட்டி, மாலுமி கயிறு பிடித்திருப்பார். ஏறுவது முதல் மேடை வரைதான். நெடுக்கே போகும் கம்பிக் கயிற்றைக் கையால் பிடியுங்கள். குறுக்கே உள்ள படி காலுக்கு மட்டும். அது அறுந்தாலும் நெடுக்குக் கயிறு அறாது. கப்பல் ஓடும்போது காற்று வரும் பக்கமாகத்தான் ஏற்றுவார்கள். சாய்வினால் அந்தப் பக்கத்து ஏணியின் சரிவு குறையும், காற்றும் உங்களை ஏணியோடு சேர்த்து அழுத்தும். கால் நடுங்கினால் கையை மடக்கி முழங்கையைக் கயிற்றில் கோத்து, மூன்று மூச்சு விட்டுவிட்டு ஏறுங்கள். தசை களைப்பு பெரும்பாலும் பயத்தில் கையால் இழுத்து ஏறுவதால் வருவது. எடையைக் கால்தான் தாங்க வேண்டும்.

சுக்கான் பிடிக்க விட்டால், புதியவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அதிகமாகத் திருப்புவது. இவ்வளவு பெரிய கப்பல் உடனே பதில் சொல்லாது. கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, அணியம் நகரத் தொடங்கியதுமே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் திரும்பி நுரைத் தடத்தைப் பாருங்கள். நேராக இருந்தால் நன்றாக ஓட்டுகிறீர்கள்.

நங்கூரத்தில்

ஆழம் குறைந்த குடாக்களில் கப்பல் தள்ளி நிற்கும். ரப்பர்ப் படகிலோ சிறுபடகிலோ கரைக்குப் போவீர்கள். படகில் இறங்கும்போது மாலுமியின் கையை அல்ல, முன்கையைப் பிடியுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார், வியர்வையிலும் வழுக்காது. படகு அலையின் மேல் எழும்பும் நேரத்துக்குக் காத்திருந்து, அவர் சொன்னதும் நடுவில் கால் வையுங்கள். குதிக்காதீர்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அது கப்பல் நேரமா ஊர் நேரமா என்று கேட்டுக்கொள்ளாமல் கரையில் இறங்காதீர்கள்.

கயாக், சின்னப் பாய்ப்படகு, முகமூடியோடு நீந்துதல் எல்லாம் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். கயாக்கில் போனால் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். மாறிச் செய்தவர்களைத்தான் ரப்பர்ப் படகில் போய் மீட்டு வருகிறார்கள்.

வாரத்தில் ஒருநாள், கப்பல் எல்லாப் பாய்களோடும் ஓடும்போது பயணிகளைச் சிறுபடகுகளில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். கப்பலுக்குள் இருப்பவருக்குக் கப்பல் தெரிவதில்லை. அதனால் இதைத் தவறவிடாதீர்கள். கைபேசியைக் கயிறுள்ள உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். கேமரா என்றால் ஷட்டர் 1/1000. சூரியனை முதுகில் வாங்கும் பக்கத்துக்கு ஓட்டச் சொல்லுங்கள்.

இரவு

பார்படாஸ் 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னையும் அதே 13-இல்தான். ஆகவே அங்கே தெரிவது சென்னையின் வானம், ஊர் விளக்குகளைக் கழித்துவிட்டு. துருவ நட்சத்திரம் வடக்கில் அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டியும் இரண்டு விரலும் உயரத்தில் நிற்கும். கையை நீட்டிப் பிடித்த முட்டி 10 பாகை. பிப்ரவரி இரவு 9 மணி வாக்கில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம், அதிகாலை 3 மணி வாக்கில் தாழ்வாகத் திரிசங்கு என்கிற தென்சிலுவை. அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துப் பயணம் வைத்தால் பால்வீதி பாய்களுக்கு இடையில் தெரியும். விளக்கில்லாத முன்தளத்தில் 20 நிமிடம் கைபேசி தொடாமல் இருங்கள். மல்லாந்து படுத்து, பாய்மரத்தின் நுனி எந்த நட்சத்திரத்துக்கும் எந்த நட்சத்திரத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது என்று பாருங்கள். தளத்தில் தூங்க அனுமதி கிடைத்தால் போர்வையும் தலைக்குத் துணியும் வேண்டும், பனி இறங்கும். விடியும் முன்பே தளம் கழுவக் குழாயோடு வந்துவிடுவார்கள்.

கடைசி இரவு

பார்படாஸ் மற்றத் தீவுகளுக்குக் கிழக்கே 150 கி.மீ.க்கு மேல் தள்ளி, தனியாக நிற்கிறது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும் இரவு அதே காற்றை எதிர்த்துத்தான் வர வேண்டும். எஞ்சின் ஓடும், கப்பல் முன்பின் குத்தும். வாரம் முழுவதும் நன்றாக இருந்தவர்கள் அந்த இரவில் படுத்துவிடுவது இதனால்தான். நங்கூரம் எடுக்கும் முன்பே பையைக் கட்டி, மறுநாள் துணியையும் கடவுச்சீட்டையும் தனியே வையுங்கள். குனிந்து பை அடுக்குவது ஆட்டத்தில் எல்லோரையும் கவிழ்க்கும். இரவு உணவு அளவோடு, மாத்திரை கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணிநேரம் முன்பு. பிறகு மேலே வாருங்கள். தீவின் மறைவு முடியும் இடத்தில் பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டுவார்கள், ஏற்றிய வரிசைக்கு நேர்மாறாக. இந்த முறை எந்தக் கயிறு எந்தப் பாயுடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.